உப்பளத்துப் பறவைகளும் ஒளிப்பட நயமும்

தமிழ்த் தேர்வுத் தாள்களில் ‘நயம் பாராட்டுக’ என்னும் வினா தவறாது இடம்பெறக் காண்கிறோம். செய்யுள் ஒன்றைத் தந்து, அதன் திரண்ட கருத்தையும் தொடை நயத்தையும் அணி நயத்தையும் எடுத்துரைக்குமாறு மாணவரைப் பணிக்கும் வினா அது. சொல்லால் ஆன கலைக்கு இத்தகைய பயிற்சி நமக்கு நிரம்ப உண்டு. ஒளியால் ஆன கலைக்கோ அது பெரும்பாலும் இல்லை. நல்லதோர் ஒளிப்படத்தைக் கண்டால் “அழகாக இருக்கிறது” என்று கூறிவிட்டு அடுத்ததற்குச் சென்றுவிடுகிறோம். எதனால் அழகு, எவ்வளவு அழகு, அவ்வழகுக்கு யார் என்ன விலை கொடுத்தனர் என்னும் வினாக்கள் எழுவதேயில்லை. பறவைப் படங்களைப் பொறுத்தவரை இவ்வினாக்கள் எழுந்தே ஆக வேண்டும் என்பது நம் கருத்து. அதனை நம் அண்டையிலுள்ள கூனிமேடு, மரக்காணம் கடற்கரையைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

நிலமும் பொழுதும்

மரக்காணத்திற்கும் புதுச்சேரிக்கும் இடையில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த ஊர் கூனிமேடு. கிழக்கே வங்கக் கடல். மேற்கிலும் வடமேற்கிலும் கழுவெளி என்னும் உவர்நீர்ப் பரப்பு. வடக்கே மரக்காணத்து உப்பளங்கள். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இம்மரக்காணமே என்பது ஆய்வாளர் கொள்கை. ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாட வந்த புலவர் நடந்த வழியில்தான் இன்று ஒளிப்படக் கருவியைத் தோளில் சுமந்து இளைஞர் பலர் நடக்கின்றனர். கழுவெளியின் 5,151 எக்டேர் பரப்பைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் அது ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. நடு ஆசியாவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் தெற்கு நோக்கி வரும் பறவைகளின் வலசைப் பாதையில் இந்நிலம் அமைந்துள்ளமையே இச்சிறப்புக்குக் காரணமாகும்.

தொல்காப்பியர் வகுத்த பொருட்பாகுபாடு பறவைப் படத்தை அளப்பதற்கு ஏற்ற கருவியாக நமக்குத் தோன்றுகிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். பறவை கருப்பொருள். அப்பறவை அக்கணத்தில் மேற்கொண்டிருக்கும் வாழ்வியற் செயலே உரிப்பொருள். சந்தையில் விற்கும் நாட்காட்டிப் படங்களில் கருப்பொருள் மட்டுமே இருக்கும். பின்புலம் முழுதும் மங்கிய பச்சை வண்ணமாய்க் கரைந்திருக்கும். பறவை எந்நாட்டது, எந்நீரில் நிற்பது, என்ன செய்துகொண்டிருக்கிறது என ஒன்றும் விளங்காது. சிறந்த படத்திலோ மூன்றும் ஒருங்கே அமையும்.

குறுந்தொகையில் கபிலர் பாடிய பாடலொன்றில், தலைவன் தலைவியை மணந்த பொழுது உடனிருந்த சான்று ஒரு குருகு மட்டுமே. அதன் கால்களைத் தினைப்பயிரின் தண்டோடு ஒப்பிடுகிறார் புலவர். அது காதலரைப் பார்க்கவில்லை. ஓடும் நீரில் ஆரல் மீனையே பார்த்து நிற்கிறது. காலின் நிறம், நீரின் ஓட்டம், இரையின் பெயர், பறவையின் கவனம் அனைத்தும் சில அடிகளுக்குள் வந்துவிடுகின்றன. பறவை தன் தொழிலில் மூழ்கி, மனிதர் அருகிருப்பதைப் பொருட்படுத்தாது நிற்கும் அக்காட்சியைப் பறவைப் படக்கலையின் இலக்கணமாகவே கொள்ளலாம்.

நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. அதனைக் கதிரவன் சாயும் வேளை எனக் கொள்வாரும் உளர். தோன்றும் வேளை எனக் கொள்வாரும் உளர். உரையாசிரியர்களின் இவ்வழக்கை ஒளிப்படக்காரரிடம் கொண்டு சென்றால் இரு பொருளும் சரியே எனத் தீர்ப்பளிப்பர்! அவ்விரு வேளையிலுந்தான் உப்பளத்தில் ஒளி தாழ்ந்து பக்கவாட்டில் விழும். காலை ஒன்பது மணிக்குமேல் பாத்திகளின் மீது கானல் எழுந்துவிடுகிறது. தொலைவிலுள்ள பறவையை 500, 600 மில்லிமீட்டர் வில்லையால் இழுத்துப் பிடிக்கும்பொழுது, அக்கானலும் சேர்ந்தே பெரிதாகி இறகின் விளிம்பை நடுங்கச் செய்யும். எத்துணை விலையுயர்ந்த கருவியாலும் இதனை வெல்ல இயலாது. ஆகவே உப்பளப் படம் ஒன்றில் இறகின் ஒவ்வோர் இழையும் தெளிந்திருக்கக் கண்டால், எடுத்தவர் விடியுமுன் வந்து காத்திருந்தவர் அல்லது பறவை தானே அவரருகில் வரும்வரை பொறுத்திருந்தவர் என அறியலாம்.

இந்நிலத்திற்கே உரிய மற்றோர் இடர் வெண்மை. வெண்மையான உப்பு அம்பாரத்தின் முன் வெண்கொக்கு நிற்குமானால், கருவியிலுள்ள ஒளியளவி ஏமாந்துபோகும். அது காணும் அனைத்தையும் இடைநிலைச் சாம்பலாகவே கணக்கிடும் இயல்புடையது. எனவே உப்பும் அழுக்காகும், கொக்கும் அழுக்காகும். அதனைத் திருத்த முற்பட்டு ஒளியை மிகுதியாக விட்டாலோ கொக்கின் இறகுகள் சுண்ணாம்பு பூசிய சுவர்போல் விவரமிழந்துவிடும். வெண்மைக்குள் வெண்மையைப் பிரித்துக் காட்டிய படத்தைக் கண்டால் அங்குச் சற்று நிற்க வேண்டும். வண்ணம் மிகுந்த மீன்கொத்திப் படம் எளிதில் கைதட்டல் பெறும். உப்பின் முன் நின்ற கொக்கின் படத்தை அருமை அறிந்தோரே பாராட்டுவர்.

துப்பாக்கியிலிருந்து கருவிக்கு

இக்கலையின் வரலாறு நூற்று முப்பது ஆண்டுகளைச் சற்றே கடந்தது. இங்கிலாந்தின் ரிச்சர்டு கீர்ட்டன், செர்ரி கீர்ட்டன் எனும் உடன்பிறப்புகள் 1892-இல் பறவைக்கூடு ஒன்றைப் படம்பிடித்தனர்; முற்றிலும் இயற்கையான ஒளிப்படங்களோடு கூடிய அவர்தம் பறவைக்கூட்டு நூல் 1895-இல் வெளிவந்தது. பறவைகள் அஞ்சாதிருக்கப் பதப்படுத்திய எருதின் தோலுக்குள் மறைந்திருந்து படமெடுத்தவர்கள் அவர்கள்.

நம் நாட்டில் பறவையியலின் தந்தை எனப் போற்றப்பெறும் சாலிம் அலி (1896–1987) சிறுவனாகக் கையில் ஏந்தியது காற்றுத் துப்பாக்கி. அவர் வீழ்த்திய சிட்டின் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு வியந்த தாய்மாமன் அமீருத்தீன் தியாப்ஜி, அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பிவைத்தார். ஒரு சிட்டின் வீழ்ச்சியே ஓர் அறிஞரின் எழுச்சிக்கு வாயிலாயிற்று. 1985-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலுக்கும் அச்சிட்டின் வீழ்ச்சியையே அவர் பெயராகச் சூட்டினார். பறவையைச் சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்து வைத்தால்தான் ஆராய இயலும் என்றிருந்த காலம் அது. சிங்கப்பூரின் திரைப்படத் தொழிலதிபர் லோக் வான் தோ, 1942-இல் தாம் சென்ற கப்பல் குண்டுவீச்சுக்கு உள்ளாகித் தீக்காயங்களுடன் உயிர்தப்பினார். பின்னர் இந்தியா வந்து சாலிம் அலியோடு நட்புக் கொண்டார். அவர் கையிலிருந்த ஒளிப்படக் கருவியும் அவர் வழங்கிய பொருளுதவியும் சாலிம் அலியின் பயணங்களுக்குத் துணைநின்றன. 1957-இல் அவர் வெளியிட்ட பறவைப் பட நூல் இத்துறையில் குறிப்பிடத்தக்கது. 1964-இல் தைவானில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மறைந்தார்.

தமிழர் பெருமைகொள்ளத்தக்கவர் மா. கிருஷ்ணன் (1912–1996). பத்மாவதி சரித்திரம் இயற்றிய அ. மாதவையாவின் மைந்தர். ஆங்கிலத்தில் 46 ஆண்டுகள் இடையறாது இயற்கைப் பத்தி எழுதியவர். தமிழிலும் பறவைகளைப் பற்றி இனிய கட்டுரைகள் படைத்தவர். அத்தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலாகத் தொகுத்தளித்தார். கிருஷ்ணன் பல கருவிகளின் உறுப்புகளை ஒட்டுப்போட்டுத் தாமே அமைத்துக்கொண்ட கருவியால், கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். உப்பளத்தைக் காணும்போதெல்லாம் அவர் நினைவு நமக்கு வருவதற்குக் காரணம் உண்டு. சாம்பல் வானம், வெள்ளை அம்பாரம், கரிய வரப்பு, கறுப்பும் வெள்ளையுமான நெடுங்கால் உள்ளான் ஆகியவை அமைந்த இந்நிலம் கறுப்பு வெள்ளைப் படத்திற்கென்றே வாய்த்ததுபோல் தோன்றுகிறது. பெங்களூரில் வாழ்ந்து 2017-இல் மறைந்த டி.என்.ஏ. பெருமாளும் இம்மரபின் மற்றொரு தூண் எனலாம்.

அவர்கள் காலத்தில் படச்சுருள் ஒன்றுக்கு 36 படங்களே. ஒவ்வோர் அழுத்தத்திற்கும் காசு செலவு. இன்றைய எண்ணியல் கருவி நொடிக்கு இருபது படம் எடுக்கவல்லது. இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நொடியில் சிறகடிப்பை உறையச் செய்கிறது. கருவி எளிதாயிற்று, ஆகவே எடுப்போரும் பெருகினர். இதில் குறைகாண ஒன்றுமில்லை. ஆனால் பறவைகள் அதே பறவைகள். அவற்றின் கூடுகளும் அதே வரப்பில்தான் உள்ளன.

படத்தைப் படித்தல்

பூநாரைக் கூட்டம் ஒருங்கே எழுந்து பறக்கும் படங்கள் பெரிதும் பாராட்டப்பெறுகின்றன. கரிய இறகுகளின் நடுவே இளஞ்சிவப்பு சுடர்விடும். வானமே பூத்ததுபோல் இருக்கும். இப்படத்தை நயம் பாராட்டுவோர் முதலில் காண வேண்டுவது பறவைகளின் திசை. தம் விருப்பால் இடம்பெயரும் பூநாரைகள் கழுத்தை நீட்டி, வரிசை கலையாது செல்லும். அச்சத்தால் எழுந்தவையாயின், நீர்மீது தத்தளித்து ஓடி எழும். சிறகோடு சிறகு மோதும். அனைத்தின் முதுகும் கருவியை நோக்கியே இருக்கும். யாரிடமிருந்து அவை ஓடுகின்றன? படமெடுத்தவரிடமிருந்து. கைதட்டியும் கல்லெறிந்தும் கூட்டத்தை எழுப்பிப் படமெடுக்கும் வழக்கம் பல நீர்நிலைகளில் உண்டு. பங்குனி, சித்திரையில் வடக்கே செல்லவிருக்கும் வலசைப் பறவைகளுக்கு இது சிறு தொல்லையன்று. பல்லாயிரம் கிலோமீட்டர்ப் பயணத்திற்கான கொழுப்பைத் தம் உடலில் சேர்த்துக்கொள்ளும் காலம் அது. கையளவேயான கொசு உள்ளான் ஒருமுறை வீணே எழுந்து பறந்தால், உண்ணும் நேரமும் இழந்து உண்டதும் செலவிடுகிறது.

இதற்கு மாறாக, பூநாரை உணவருந்தும் படம் ஆரவாரமற்றது. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீருக்குள் செலுத்தி, நாவால் நீரை இறைத்து, அலகின் சீப்புப் போன்ற விளிம்புகளால் வடிகட்டி உண்ணும் பறவை அது. அது வடித்தெடுக்கும் சிற்றுயிர்களிலும் பாசிகளிலும் உள்ள நிறமியே அதன் சிறகில் இளஞ்சிவப்பாய் ஏறுகிறது. குஞ்சுகள் சாம்பல் நிறமாகவே பிறக்கின்றன. நம் கடற்கரை மக்கள் உலர்த்திப் பொடித்துண்ணும் கூனி எனும் சிற்றிறாலின் சுற்றத்தையே அப்பறவையும் உண்கிறது. கூனிமேடு என்னும் ஊர்ப்பெயரின் மூலத்தை ஆராய்வது ஈண்டு நம் நோக்கமன்று. ஆயினும் கூனியின் கரைக்குக் கூனியுண்ணும் பறவை வந்து நிற்கும் பொருத்தத்தைச் சுட்டாமல் இருக்க மனம் வரவில்லை. தலை கவிழ்ந்த பூநாரையும், அதன் காலடியில் கலங்கிய நீரும், பின்னே உப்பு வாரும் தொழிலாளியின் உருவும் ஒரே படத்தில் அமையுமாயின் முப்பொருளும் நிறைந்த நெய்தற்பாட்டு அதுவே.

இனி, மிகுந்த எச்சரிக்கையோடு படிக்க வேண்டிய ஒரு படவகை உண்டு. நெடுங்கால் உள்ளான் படமெடுப்பவரின் தலைக்கு மேலே அந்தரத்தில் நிற்கிறது. அலகு திறந்திருக்கிறது. சிவந்த நீண்ட கால்கள் கீழே தொங்குகின்றன. சிறகின் கருமை நீலவானில் தெளிவாகத் தெரிகிறது. கலையளவில் குறைசொல்ல இயலாத படம். ஆனால் அப்பறவை அங்குப் பாடவில்லை, கதறுகிறது. அருகே வரப்பின்மீதோ பாத்தியின் நடுமேட்டிலோ அதன் நான்கு முட்டைகள் கிடக்கின்றன. மண்ணின் நிறமும் முட்டையின் நிறமும் ஒன்றாதலின், மிதிக்கும் வரை மனிதர் அறியார்.

கோடையில் இம்முட்டைகளுக்குத் தாய் தருவது சூட்டை அன்று, நிழலை. பறவை அடைகாப்பது முட்டைக்கு வெப்பமூட்டவே எனப் பாடநூலில் படித்த நமக்கு இது வியப்பாகத் தோன்றும். உப்பளத்தின் வெறுந்தரை சித்திரை வைகாசி நண்பகலில் கொதிக்கும்போது, நெடுங்கால் உள்ளானும் உப்புக்கொத்தியும் முட்டைமீது நின்று வெயிலைத் தம் உடலால் தாங்குகின்றன. நீருக்குச் சென்று வயிற்று இறகுகளை நனைத்துவந்து, அவ்வீரத்தால் முட்டைகளைக் குளிர்விக்கின்றன. இப்பணி நாள்முழுதும் ஓயாது நடக்கும். அவ்வேளையில் ஒருவர் அழகிய படம் வேண்டிக் கூட்டருகே அரைமணி நேரம் நின்றால், தாய் மேலே வட்டமிட்டுக் கதறும்; கீழே முட்டைக்குள் கரு வெந்துபோகும். படம் நன்றாக வந்திருக்கும். பரிசும் பெறலாம்.

சட்டமும் இதனைக் கண்டுகொண்டுள்ளது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், ‘வேட்டையாடுதல்’ என்னும் சொல்லுக்குப் பொருள் வரையறுக்கையில், காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் கலைப்பதையும் அச்சொல்லுக்குள்ளேயே அடக்கியுள்ளது. துப்பாக்கி ஏந்தாமலே ஒருவர் வேட்டைக்காரர் ஆகலாம் என்பது இதன் பொருள். இங்கிலாந்தின் புகழ்மிக்க பறவைப் படக்கலைஞர் எரிக் ஹாஸ்கிங், 1937-இல் ஆந்தைக் கூட்டருகே படமெடுக்கச் சென்றபோது தாய் ஆந்தை பாய்ந்து தாக்கியதில் இடக்கண்ணை இழந்தார். எஞ்சிய ஒரு கண்ணாலேயே மேலும் அரை நூற்றாண்டு படமெடுத்தார். ஆந்தைக்கு நகம் இருந்தது. உப்புக்கொத்திக்குக் கதறலன்றிப் படைக்கலம் வேறில்லை.

அப்படியாயின் கூட்டைப் படமெடுக்கவே கூடாதோ என மாணவர் வினவலாம். கூட்டுக் காலத்தில் விலகியிருப்பதே முறை என்பது நம் துணிபு. அறிவியல் ஆய்வுக்கென உரிய இசைவோடு செய்வது வேறு. பாராட்டுக்கெனச் செய்வது வேறு. “தொலைவில் நின்று எடுத்தால் பறவை சிறிதாகத் தெரியுமே” என்பர். தெரியட்டும். பரந்த உப்பளத்தில் சிறு புள்ளியாய் ஒரு பறவை நிற்பதே அந்நிலத்தின் உண்மை. அப்புள்ளியைச் சட்டத்தின் எம்மூலையில் வைப்பது என்பதில்தான் கலைஞரின் கண் வெளிப்படுகிறது.

இவ்விடத்தில் அளத்தொழிலாளரைப் பற்றி ஒன்று கூறவேண்டும். நாள்தோறும் பாத்தியில் உப்பு வாரும் அவர்களைக் கண்டு நெடுங்கால் உள்ளான்கள் எளிதில் பறப்பதில்லை. அவர்தம் நடையும் குனிவும் அவற்றுக்குப் பழக்கமாகிவிட்டன. முக்காலியோடு வரப்பில் நிமிர்ந்து வரும் புதியவரைக் கண்டதும் முழுப் பாத்தியும் காலியாகிவிடும். கீர்ட்டன் உடன்பிறப்புகள் எருதின் தோலுக்குள் புகுந்து தேடிய மறைவு, இங்கு உழைப்பவருக்கு இயல்பாகவே கிடைத்திருக்கிறது. ஆதலால் எந்த வரப்பில் முட்டை உண்டு, எவ்வழி நடக்கலாகாது என்பதை அறிய விரும்புவோர் அவர்களைக் கேட்டு நடப்பதே தக்கது. பாத்தி அவர்கள் பிழைப்பு நடக்கும் இடம் என்பதையும் மறத்தலாகாது.

படக்குறிப்பு

செய்யுளுக்குத் திணையும் துறையும் வகுத்துக் கொளு எழுதிய மரபு நம்முடையது. படத்திற்குக் குறிப்பு எழுதுவதில் மட்டும் நமக்கு ஏனோ இத்துணைச் சோம்பல். ‘அழகிய பறவை’ என எழுதி முடித்துவிடுகிறோம். பறவையின் தமிழ்ப்பெயர், எடுத்த இடம், நாள், பொழுது ஆகியவை இல்லாத படம் பாதிப் படமே. கோடியக்கரை முதலிய இடங்களில் காலில் வளையமும் குறியெழுத்துப் பட்டையும் இட்டு விடப்பட்ட பறவைகளின் எழுத்தை, மீண்டும் பிடித்துத் துன்புறுத்தாமல் ஒரு தெளிந்த ஒளிப்படத்திலிருந்தே படித்துவிட இயலும். நாளும் இடமும் எழுதியிருந்தால் அப்பறவையின் பயணக்கணக்கில் ஒரு வரி கூடுகிறது.

இதற்கு அண்மைச் சான்றும் உண்டு. உப்புக்கொத்தி என்னும் பெயரைத் தமிழ் எத்துணைப் பொருத்தமாக வழங்கியிருக்கிறது! வரப்போரம் ஓடுவதும் நிற்பதும் கொத்துவதுமாகத் திரியும் அச்சிறு பறவைகளுள், இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இனம் பெருக்கும் ஒருவகையை நெடுங்காலமாகக் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஓர் உட்பிரிவாகவே கருதிவந்தனர். மரபணு, உருவளவு முதலியவற்றை ஆராய்ந்த அறிஞர் 2023-இல் அதனைத் தனியினம் எனக் கொண்டு அனுமன் உப்புக்கொத்தி என வழங்கலாயினர். கெண்டிஷ் இனமோ குளிர்காலத்தில் வடக்கிலிருந்து நம் கரைக்கு வருவது. ஆகவே பழைய பெட்டிகளில் கிடக்கும் படங்களுக்கெல்லாம் இன்று புதுமதிப்பு வந்துவிட்டது. இக்கரையில் எடுத்த உப்புக்கொத்திப் படமொன்றின் பின்புறம் தை மாதம் என எழுதியிருந்தால் அது வடக்கிலிருந்து வந்த விருந்தாகவும் இருக்கலாம். வைகாசி எனவும், குஞ்சோடு கண்டது எனவும் எழுதியிருந்தால் இம்மண்ணிலேயே பிறந்து வளரும் இனமெனக் கருத இடமுண்டு. ஒன்றும் எழுதாத படத்தில் இருப்பது ஒரு சிறு பறவை மட்டுமே.